முப்பத்தெட்டாம் இடம்

கடிதம் இல. 1
2025 ஜனவரி 22, புதன்கிழமை, மு.ப. 9.10
உட்துறைமுக வீதி, திருகோணமலை

பொருள்: 1985 இல் நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய சிந்தசைசர் கருவி, அதன் நினைவகத்தில் 38ஆம் இடம்.

மதிப்புக்குரிய அபூதாஹிர் அவர்கட்கு,

நீங்களும், பிறர் சொல்லி நான் அறிந்த துணைவியார் றஹ்மாவும் மகள் ஷாமிலாவும் சுகமாயிருக்க வேண்டுமென்று மன்றாடிக்கொண்டு இதை எழுதுகிறேன். நாம் கடைசியாகக் கதைத்தது 1989 மார்ச் 12, ஞாயிறு, பி.ப. 5.20 அளவில், படகுத் துறையில். இன்றோடு முப்பத்தைந்து ஆண்டும் பத்து மாதமும் பத்து நாளும் ஆகின்றன. இத்தனை காலத்துக்குப் பின் ஒரு தேவையோடு எழுதுவது முறையல்ல என்பதை அறிவேன். ஆயினும் எழுதுகிறேன்.

முதலில் செய்தி. தங்கை மாகிரட்டுக்கு 2023 ஒக்டோபர் 17 அன்று தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குரல்வளை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். செப்டெம்பர் மாதம் வரை பாடசாலையில் சங்கீதம் படிப்பித்தவள் இப்போது சிலேற்றில் எழுதிக் கதைக்கிறாள். கழுத்தில் உள்ள ஒரு துளையால் மூச்சு விடுகிறாள். அவள் விவாகம் செய்யவில்லை. என்னோடு இதே வீட்டில்தான் இருக்கிறாள்.

அவளுடைய பாட்டு இன்று எங்கும் பதிவில் இல்லை. கோயிலின் பங்கு மண்டபத்தில் வைத்திருந்த மூன்று கசெற்றுகளையும் 2004 டிசெம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனது. கருவி எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் இருந்தது, தப்பிவிட்டது.

இம்மாதம் 6ஆம் திகதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, காலைச் சாப்பாட்டுக்குப் பின் அவள் சிலேற்றில் எழுதி என் முன்னால் வைத்தாள்: "38 இன்னும் இருக்குதா?"

1988 டிசெம்பரில் நத்தார்ப் பாடல்களுக்கென்று, அவள் பாடப் பாட அதைக் கேட்டுக் கேட்டு நீங்கள் கருவியில் அமைத்த ஒலியையே அவள் கேட்டாள். அந்த ஒலி 38ஆம் இடத்தில் இருந்தது. 1989 இல் பற்றரிக் கோளாறினால் கருவி அதை மறந்துவிட்டதென்று அப்போதே உங்களுக்கு அறிவித்திருந்தேன். அவளுக்கும் அதையே சொல்லியிருந்தேன். இருந்தும் கேட்கிறாள்.

ஆகவே என் கேள்வி: அந்த ஒலியின் அமைப்பு எண்கள் உங்களிடம் எங்காவது குறித்து வைக்கப்பட்டுள்ளனவா? இல்லையெனில், உங்கள் நினைவிலிருந்து அதை மீண்டும் அமைக்க இயலுமா?

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். தொலைபேசிக் கதைக்குப் பிரதி கிடையாது.

இங்ஙனம்,
ச. வின்சன்ட்
(துறைமுகக் கருவிகள் பிரிவு, ஓய்வு 2011 ஜூலை 31)


கிண்ணியா
ஜனவரி கடைசி. திங்களா செவ்வாயா என்று றஹ்மாவைக் கேட்டால் தெரியும். அவ குசினியில் நிற்கிறா.

அன்புள்ள வின்சன்ட் அண்ணன்,

பாலத்தால் அரை மணித்தியாலத்தில் வந்து சேரவேண்டிய கடிதம் மூன்று நாள் எடுத்து வந்தது. உறையில் எழுத்தைக் கண்டதும் ஆள் விளங்கிவிட்டது. திருகோணமலை மாவட்டத்தில் தபால் முத்திரையை மட்டம் வைத்து ஒட்டுகிற மனிதர் ஒருவர்தான் இருக்கிறார்.

மாகிரட்டின் செய்தியை வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். இரண்டு நாள் எழுத ஏலாமல் கிடந்தது. "ஊரில உள்ள ரேடியோவெல்லாம் பழுது பார்த்த மனுசன், ஒரு கடிதத்துக்கு இந்தப் பாடு படுறீங்களே" என்று றஹ்மா சொல்லித்தான் பேனையை எடுத்திருக்கிறேன். மாகிரட்டுக்கு என் சலாமைச் சொல்லுங்கள். குரல் போய்விட்ட ஒரு சங்கீத ரீச்சருக்கு என்ன சொல்லுவதென்று எனக்குத் தெரியவில்லை. சலாம் மட்டும் சொல்லுங்கள்.

எண்கள் என்னிடம் இல்லை. நான் எப்போது எதை எழுதி வைத்தேன்? எழுதுவது உங்கள் வேலை, திருப்புவது என் வேலை என்றுதானே அப்போது பங்கு பிரித்திருந்தோம். ஆனால் செய்த விதம் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. பாடகர் குழுவில் இரண்டாவது பெண்குரலுக்கு ஆள் இல்லாமல் போனது. மாகிரட் தன்னோடு தானே சேர்ந்து பாட வேணும், அதற்கு ஒரு வழி செய் தாஹிர் என்று பங்குச் சுவாமி சொன்னார். மண்டபத்தில் பத்தொன்பது பின்னேரம். அவ "ஆ" என்று ஒரு மூச்சுக்குப் பாடுவா. நான் ஓர் எண்ணை மாற்றி ஒரு கட்டையை அழுத்துவேன். அவ தலையை ஆட்டுவா, இல்லை. இன்னொரு எண். இல்லை. பத்தொன்பதாவது நாள் நான் அழுத்தியதும் அவ தலையை ஆட்டவில்லை. எழும்பிப் போய் ஜன்னலண்டை நின்றுகொண்டா. பயந்துபோனா என்று நினைக்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இரும்பும் வயரும் சேர்ந்து ஒரு மனிசியின் மூச்சை எடுத்துவிட்டது.

நத்தார் இரவு கோயிலில் சனம் திரும்பித் திரும்பி மற்றப் பெண் எங்கே என்று தேடியதை நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் பிறகு நான் செய்யவில்லை.

சரி, பழுது பார்க்கிறவன் முதலில் கேட்கிற கேள்விகளைக் கேட்கிறேன். பற்றரி இப்போது எத்தனை வோல்ற்? இந்த வகைக் கருவி உங்களுக்கும் தெரிந்ததுதான். சில்லறைக் காசு அளவு பற்றரி ஒன்று உள்ளே இருந்து அறுபத்து நான்கு ஒலிகளையும் பிடித்து வைத்திருக்கிறது. அது செத்தால் அறுபத்து நான்கும் ஒரே நேரத்தில் போய்விடும். ஆகவே மற்ற வேலைகளுக்கு முன் அதை அளந்து பாருங்கள். அதோடு, ஒவ்வோர் இடத்திலும் இன்று என்ன இருக்கிறதென்று ஒரு பட்டியல் அனுப்புங்கள்.

நானும் சும்மா இருக்கமாட்டேன். இப்போது பழைய கருவிகளைப் போலவே நடிக்கிற நிரல்கள் வந்துவிட்டன. ஷாமிலாவின் கம்பியூட்டரில் நம்முடைய கருவி படத்தில் தெரிகிறது, கட்டைகள், சின்னக் கண்ணாடி, எல்லாம். முதல் நாள் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துப்போனது. அதில் முயற்சி செய்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிட வேணும்: என் வலது காது கேட்காமல் நாலு வருசம்.

அன்புடன்,
அபூதாஹிர்


கடிதம் இல. 2
2025 பெப்ரவரி 6, வியாழக்கிழமை, பி.ப. 4.35
திருகோணமலை

பொருள்: பற்றரி அளவீடு; நினைவக நிலை.

அன்புள்ள அபூதாஹிர் அவர்கட்கு,

உங்கள் கடிதம் பெப்ரவரி 3 அன்று கிடைத்தது. அதில் திகதி இல்லாதபடியால் உறையின் முத்திரையைப் பார்த்து ஜனவரி 28 என்று குறித்துக்கொண்டேன். மாகிரட் அதை இரண்டு முறை வாசித்தாள். தூணுக்குப் பின்னால் நீங்கள் நின்றதை அவள் அறிந்திருக்கவில்லை. "மண்டபத்தில, சவப்பெட்டிக்குப் பக்கத்தில நிக்கிற ஆள் மாதிரி முழுசிக்கொண்டு நின்றது தெரியும்" என்று எழுதிவிட்டுச் சிரித்தாள். அவளுடைய சிரிப்புக்குச் சத்தம் இல்லை. தோள்கள் மட்டும் அசைகின்றன.

அளவீடு: 2.41 வோல்ற். கடைசியாக நான் பற்றரி மாற்றியது 2011 ஓகஸ்ட் 6 அன்று, அப்போது 3.21. இரண்டு வோல்ற்றுக்குக் கீழே போனால் நினைவு நிற்காது. எனவே நேற்றுக் காலை மாற்றினேன். பழையதைக் கழற்றும் நேரத்தில் நினைவு அறுந்துவிடாதபடி, இன்னொரு பற்றரியை இரு வயர்களால் முன்கூட்டியே இணைத்துக்கொண்டேன். வயர்களை மாகிரட் பிடித்தாள். என் கை முன்போல இல்லை. மு.ப. 10.05 இற்குத் தொடங்கி 10.47 இற்கு முடித்தேன்.

அந்த நாற்பத்திரண்டு நிமிடங்களைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். துறைமுகத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் கடல்மட்டம் அளக்கும் கருவிகளோடு வேலை செய்தேன். நீர் ஏறுவதையும் இறங்குவதையும் ஒரு பேனாமுனை தானாகக் கடதாசியில் எழுதிக்கொண்டே இருக்கும். நான் தாளை மாற்றுவேன். அதை ஒருபோதும் அதிசயமாக நான் எண்ணியதில்லை. நேற்று, நகத்தளவு வில்லை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, நாற்பது ஆண்டு ஒலிகள் மாகிரட்டின் இரு விரல்களுக்கிடையே இருக்கும் வயரில் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்ற எண்ணம் வந்தது. வியர்த்துவிட்டது. 1990 ஜூன் மாதம் சண்டை தொடங்கி வீட்டைவிட்டு ஓடியபோது இதே கருவியைத் தலையில் வைத்துக்கொண்டு பாலையூற்று வரை நடந்திருக்கிறேன். அப்போதுகூட இப்படி வியர்க்கவில்லை.

நீங்கள் கேட்ட பட்டியல்:
1 முதல் 37 வரை: உள்ளன. பெயர்களை இணைப்பில் காண்க.
38: ஓர்கன் ஒலி.
39 முதல் 64 வரை: உள்ளன. பெயர்களை இணைப்பில் காண்க.

இப்பட்டியலை எழுதிய பின் ஒரு முறை திருப்பி வாசித்தேன். அதில் திருத்தம் ஒன்றும் செய்யவில்லை.

இங்ஙனம்,
ச. வின்சன்ட்


கிண்ணியா
நோன்புக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. (திகதி கேட்டீர்கள், இதுதான் திகதி.)

அன்புள்ள வின்சன்ட் அண்ணன்,

பட்டியல் கிடைத்தது. நன்றி. பற்றரியைப் பத்திரமாக மாற்றிவிட்டீர்கள், அதுவே பெரிய விஷயம்.

சவப்பெட்டிக் கதையை றஹ்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவவுக்குப் புரைக்கேறிவிட்டது. "அந்த ரீச்சர் சரியாத்தான் சொல்லியிரிக்கா, நீங்க என்னப் பொண்ணு பாக்க வந்த நேரமும் அப்பிடித்தான் நிண்டீங்க" என்கிறா.

இதோடு ஒரு பென் ட்றைவ் அனுப்புகிறேன். உங்கள் ரீவியின் பின்பக்கத்தில் செருகினால் பாடும். மூன்று ஒலிகள் இருக்கின்றன. பதினொன்று செய்தேன், எட்டை அழித்துவிட்டேன். பகலில் கடைத்தெருச் சத்தம் நிற்காது, ஆகவே சுபஹுத் தொழுகை முடிந்து வந்து இருந்து செய்தேன். முதல் எண் எது, இரண்டாவது எது என்று கை தானாகப் போகிறது. சில நேரம் கட்டையை அழுத்தும்போது மண்டபத்து ஜன்னல் தெரிகிறது. ஆனால் அண்ணன், உண்மையைச் சொன்னால், அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே காதால் கேட்கிறவன் சொல்வதை நம்ப வேண்டாம். மாகிரட் கேட்கட்டும். அவவுடைய குரலுக்கு நீதிபதி அவதான்.

அன்புடன்,
அபூதாஹிர்


கடிதம் இல. 3
2025 பெப்ரவரி 24, திங்கட்கிழமை, மு.ப. 6.30
திருகோணமலை

அபூதாஹிர்,

பென் பெப்ரவரி 20 அன்று வந்தது. மாகிரட் மூன்று ஒலிகளையும் கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாவதை நான்கு முறை போடச் சொன்னாள். பின்பு எழுதினாள்: "நல்ல குரல். யாருடையது?"

எழுதியதை அழித்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அன்று பின்னேரம் முழுவதும் வெளியே வரவில்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க இயலவில்லை.

பொருள் என்று மேலே நான் எழுதவில்லை. பொருள் இதுதான். 38ஆம் இடத்தைப் பற்றரி அழிக்கவில்லை. நான் அழித்தேன். 1989 மார்ச் 11, சனிக்கிழமை, பி.ப. 3.40.

அந்த மாதம் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைத் தனியே அழைத்து, "உம்முடைய தங்கச்சியின்ர குரலை ஒரு சோனகப் பொடியன் பெட்டிக்குள்ள போட்டு வைச்சிருக்கிறானாம், ஊரில கதைக்கினம்" என்றார். பின்னேரமே அலுமாரியிலிருந்து கருவியை இறக்கினேன். பின்பக்கத்தில் நினைவகத்தைக் காக்கும் பூட்டுப் பொத்தானைத் திறந்து, 38 இன் மேல் ஓர் ஓர்கன் ஒலியை எழுதினேன். மறுநாள் துறையில் வைத்து உங்களிடம் பற்றரி என்று சொன்னேன். இனி வரத் தேவையில்லை என்றும் சொன்னேன். நீங்கள் "சரி அண்ணன்" என்று மட்டும் சொல்லிப் படகில் ஏறினீர்கள். அந்தச் சம்பந்தமும் சரிவரவில்லை. அவர்கள் வேறு காரணம் சொன்னார்கள்.

தொழில் பழக்கம் ஒன்று என்னிடம் உண்டு. எந்தக் கருவியின் அமைப்பை மாற்றுவதானாலும், மாற்றுவதற்கு முன்னிருந்ததை எழுதி வைப்பேன். அன்றும் எழுதினேன். பொத்தானை அழுத்தி அழுத்தி, சின்னக் கண்ணாடியில் தெரிந்த நாற்பத்திரண்டு எண்களையும் பதிவேட்டில் இறக்கிவிட்டுத்தான் அழித்தேன். என்னை நானே இப்போது கேட்டுப் பார்க்கிறேன்: அழிக்க வந்தவன் எதற்காக எழுதினான் என்று.

எண்களைத் தனித்தாளில் பிரதி செய்து இணைத்துள்ளேன். முதற் கடிதத்திலேயே அனுப்பியிருக்க வேண்டியவை. அனுப்பினால் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நீங்கள் ஊகித்துவிடுவீர்கள் என்று பயந்தேன். அழித்தவர் என்ற இடத்தில் என் கையொப்பம் இருக்கிறது.

மாகிரட்டிடம் இன்னும் சொல்லவில்லை.

வின்சன்ட்


கிண்ணியா
நோன்பு ஐந்து

அன்புள்ள வின்சன்ட் அண்ணன்,

நீங்கள் முப்பத்தாறு வருசம் சுமந்ததை நான் ஒரு பின்னேரத்தில் இறக்கி வைத்தவன். அன்று படகு கரையை விட்டுப் போய் அரைவாசித் தூரம் தாண்டவில்லை, விளங்கிவிட்டது. பற்றரிக்கு ஆள் பார்த்து மறக்கத் தெரியாது, அண்ணன். மறந்தால் அறுபத்து நான்கையும் மறக்கும். மறக்காவிட்டால் ஒன்றையும் மறக்காது. ரேடியோ திருத்துகிறவனிடம் போய் அந்தப் பொய்யைச் சொன்னீர்களே. வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

நான் பிறகு வராமல் விட்டது கோபத்தில் இல்லை. முதல் ஒரு மாதம் கோபம் இருந்தது, அதை மறைக்கவில்லை. அதற்குப் பிறகு வேறொன்று. நான் வந்திருந்தால் கருவியைத் திறந்து பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாது. மாகிரட்டுக்கு முன்னால் நீங்கள் தலைகுனிய வேண்டி வந்திருக்கும். அதை நான் பார்க்க விரும்பவில்லை. அவவுக்கு உங்களைத் தவிர யார் இருந்தார்கள்? அவவிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லமாட்டேன்.

உங்கள் பட்டியல் வந்த அன்று றஹ்மாவிடம் காட்டினேன். "1 தொடக்கம் 37, பொறகு 39. இந்த மனுசனுக்குப் பொய் சொல்லவும் ஒழுங்கா வரல்ல" என்றா. அவவுக்கு எல்லாக் கதையும் தெரியும், கல்யாணத்துக்கு முந்தியே சொல்லிவிட்டேன். "அந்தக் கொரல நானும் ஒருக்கா கேக்கணும்" என்பதுதான் அவவுடைய ஒரே வேண்டுகோள்.

இனி வேலை. நாற்பத்திரண்டு எண்களையும் கம்பியூட்டரில் போட்டேன். வந்தது. கிட்ட, மிகக் கிட்ட. என்றாலும் அது மூச்சு விடவில்லை. நோன்பு பிடிக்கச் சஹருக்கு எழும்பிய நேரம்தான் காரணம் மண்டையில் தட்டியது.

கருவிக்குள் ஆறு குரல்கள் இருக்கின்றன அல்லவா, முறை வைத்து ஒலிப்பவை. முதல் கட்டைக்கு முதலாவது, அடுத்ததற்கு இரண்டாவது, ஆறு முடிந்தால் திரும்ப ஒன்று. நம்முடைய கருவியில் நான்காவது குரலின் வடிகட்டி கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது. வாங்கியபோதே அப்படித்தான். ஐந்து சுரம் துலக்கமாக வரும், ஒன்று மட்டும் சற்று மங்கும். நான் அதைத் திருத்தாமல் விட்டுத்தான் 38 ஐக் கட்டினேன். பாடுகிறவள் நடுவில் மூச்சு எடுக்கிற இடம் அது. கம்பியூட்டரில் உள்ள ஆறும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் போல ஒன்றாக இருக்கின்றன. அதனால்தான் அவ "யாருடையது" என்று கேட்டிருக்கிறா.

நீங்கள் நான்காவதைத் திருத்தாமல் விட்டிருந்தால் எண்களைக் கருவியில் போட்டதும் குரல் வந்துவிடும். ஆனால் உங்களை எனக்குத் தெரியும். கட்டாயம் ஏதோ ஒரு வருசத்தில் ஆறையும் சமப்படுத்தியிருப்பீர்கள். எவ்வளவு இறங்கியிருந்தது என்று எனக்கு நினைவில்லை, கேட்கக் காதும் இல்லை. அவவை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் திருப்புங்கள். எங்கே நிறுத்துவது என்று அவ சொல்லட்டும்.

பெருநாளைக்கு இரண்டு பேரும் வாருங்கள். பாலம் வந்து எத்தனை வருசம், நீங்கள் இன்னும் மிதித்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
தாஹிர்


கடிதம் இல. 4
2025 மார்ச் 19, புதன்கிழமை, புனித சூசையப்பர் திருநாள், மு.ப. 11.20
திருகோணமலை

பொருள்: 38ஆம் இடம்.

அன்புத் தம்பி தாஹிர்,

உங்கள் கடிதம் மார்ச் 11 அன்று கிடைத்தது. திகதியைக் கவனித்திருப்பீர்கள். அன்று பி.ப. 3.40 இற்குப் பதிவேட்டை அந்தப் பக்கத்தில் விரித்து மாகிரட்டின் கையில் கொடுத்தேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. குரல் இருக்கிறவன் எழுத்தைக் கொடுக்கிறேன் என்று அந்த நேரம் நினைத்துக்கொண்டேன். அவள் மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். பின்பு சிலேற்றை எடுத்தாள்.

"நேரமும் எழுதியிருக்கிறீங்கள், அண்ணா."

அதற்குமேல் மூன்று நாள் அவள் ஒன்றும் எழுதவில்லை. தேத்தண்ணி வைத்தாள், சோறு போட்டாள், பூசைக்கு வந்தாள். சிலேற்று மேசையில் துடைத்தபடி கிடந்தது. சத்தமில்லாத வீட்டுக்கு ஒன்றரை ஆண்டாகப் பழகியிருந்தேன். எழுத்தும் இல்லாத வீட்டுக்குப் பழகியிருக்கவில்லை. நான்காம் நாள், மார்ச் 15, சனிக்கிழமை, மு.ப. 8.15 இற்கு என் கதிரைக்கு முன்னால் வந்து நின்று சிலேற்றைக் காட்டினாள். "ஸ்குரூ ட்றைவர் எடுங்கோ."

நீங்கள் ஊகித்தது சரி. 1992 ஏப்ரல் 25 அன்று ஆறு வடிகட்டிகளையும் மீற்றர் வைத்துச் சமப்படுத்தி, திருகாணி ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் குறியும் இட்டிருக்கிறேன். பதிவேட்டில் "4ஆம் குரலின் பிழை நீக்கப்பட்டது" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

மூடியைக் கழற்றினேன். நாற்பத்திரண்டு எண்களையும் அவளே 38 இல் ஒவ்வொன்றாகப் போட்டாள். நான் வாசித்தேன். முடிந்ததும் அவள் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தத் தொடங்கினாள். நான்காவது அழுத்தம் வரும்போதெல்லாம் நான் திருப்பவேண்டும். தம்பி, என் வாழ்நாளில் ஒரு கருவியையும் வேண்டுமென்று பிழையான பக்கம் நான் திருப்பியதில்லை. விரல் மறுத்தது. சிவப்புக் குறியிலிருந்து ஒரு மயிரிழை இடப்பக்கம் திருப்பினேன். அவள் தலையை ஆட்டினாள், இல்லை. இன்னும் கொஞ்சம். இல்லை. மண்டபத்தில் பத்தொன்பது பின்னேரம் உங்களுக்கு ஆட்டிய அதே தலையாட்டு என்று எனக்குப் பட்டது. குறியிலிருந்து கடிகார முள்ளின் ஏழு நிமிட அளவு வந்தபோது அவள் இடக்கையைத் தூக்கினாள். நான் கையை எடுத்தேன்.

எண்ணிக்கை முதற்குரலிலிருந்து தொடங்கட்டும் என்று கருவியை ஒரு முறை நிறுத்திப் போட்டேன். 38 ஐ அழுத்தினேன். அவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கழுத்துத் துளையின்மேல் கட்டியிருக்கும் துணியைச் சரிசெய்தாள். பாடுவதற்கு முன் தொண்டையைச் செருமுவாளே, அந்த நேரத்தில் செய்கிற காரியம்போல இருந்தது. பின்பு வாசித்தாள்.

பாட்டு ஒன்றும் வாசிக்கவில்லை. சுரங்கள் மட்டும், மெதுவாக, ஏறி இறங்கி. முதல் சுரத்திலேயே அறையில் மாகிரட் பாடிக்கொண்டிருந்தாள். வாய் மூடியபடி என் முன்னால் இருந்த அறுபது வயது மாகிரட்டின் விரல்களிலிருந்து இருபத்துநான்கு வயது மாகிரட் பாடிக்கொண்டிருந்தாள். நான்காவது சுரத்தில் அந்தக் குரல் சற்று மங்கி, மூச்சு எடுத்து, ஐந்தாவதில் தெளிந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பிழை என்று அடிக்கோடிட்டு நான் நீக்கியது அதைத்தான்.

அடுத்த வீட்டுச் சுதர்ஷிகா, கையில் தேங்காய்ப் பூவோடு, குசினிக் கதவால் ஓடி வந்தாள். எங்கள் பங்கில் மாகிரட்டிடம் பாட்டுப் படித்தவள். வாசலில் நின்று, "அங்கிள், ரீச்சருக்குக் குரல் வந்திட்டுதோ?" என்று கேட்டாள். நான் "ஓம்" என்றேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

மூச்சு வரும் இடங்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு, பத்து, பதினாறு, இருபத்திரண்டு. அதற்குப் பின் எண்ணவில்லை. எவ்வளவு நேரம் வாசித்தாள் என்பதும் தெரியாது. பதிவேட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

முடித்துவிட்டு அவள் எனக்கு ஒன்றும் எழுதவில்லை. போகும்போது என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனாள். உங்களுக்குத்தான் எழுதினாள், நான்கு நாளாக எழுதுகிறாள்.

நான்காவது திருகாணியின் புதிய இடத்தில் பச்சை மையால் குறி இட்டுள்ளேன். பூட்டுப் பொத்தானை மூடிவிட்டேன்.

பெருநாள் குறித்து: ஷாமிலாவிடம் தொலைபேசியில் கேட்டேன். பிறை தெரிந்தால் மார்ச் 31, தெரியாவிட்டால் ஏப்ரல் 1 என்கிறாள். திகதி நிச்சயமில்லாத அழைப்பொன்றை இதுவரை நான் ஏற்றதில்லை. இரண்டு நாளும் காலையில் உடுத்து ஆயத்தமாக இருப்போம். கருவியையும் கொண்டு வருகிறோம். றஹ்மா தங்கச்சி நேரில் கேட்கட்டும். அதில் பாதி உங்களுடையது. நான் அதை மறந்ததில்லை, சொல்லாமல் விட்டிருந்தேன்.

அன்புடன்,
வின்சன்ட் அண்ணன்

இணைப்புகள்:
1. பழைய பற்றரி, ஒன்று. 2011.08.06 முதல் 2025.02.05 வரை சேவையில் இருந்தது.
2. உங்களுடைய பென், ஒன்று. உங்கள் மூன்று ஒலிகளுக்குக் கீழே, 2025.03.17 அன்று மாகிரட் மறுபடி வாசித்ததைச் சுதர்ஷிகா பதிவு செய்து சேர்த்துள்ளாள். முதலில் றஹ்மா கேட்கவேண்டும் என்பது மாகிரட்டின் நிபந்தனை.
3. பதிவேட்டின் பக்கம் 112 (1989.03.11), மூலம். பிரதி எடுக்கவில்லை. என் பதிவேடுகளிலிருந்து கிழிக்கப்பட்ட முதற் பக்கம் இது.
4. மாகிரட் உங்கள் இருவருக்கும் எழுதிய கடிதம், ஒன்று. உறை ஒட்டப்பட்டுள்ளது. நான் வாசிக்கவில்லை.